ஊதிப் பார்த்தால் தெரியாத பழக்கம்

ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாவது தடவையாகப் பிடிபட்டிருக்கிறார். லைசென்ஸ் போய்விட்டது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் புரட்டலாம் என்று அவருடைய வங்கிக் கணக்கை எடுத்துப் பார்த்தபோதுதான், மாதக்கணக்கில் ஒரு பந்தய ஆப்புக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. "இரண்டும் தனித்தனிக் கெட்ட நேரமா, இல்லை ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டா? குடியை நிறுத்திவிட்டால் இதுவும் தானாக நின்றுவிடுமா?" என்பது அவருடைய கேள்வி.

சம்பந்தம் உண்டு. தானாக நின்றுவிடும் என்று மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பதில் இவ்வளவுதான். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் மருத்துவர் இல்லை, போதை மீட்பு ஆலோசகர். உங்கள் தம்பி மாதிரி பிடிபட்டு, கட்டாயத்தின் பேரில் என் எதிரே வந்து உட்கார்பவர்களோடு பேசுவதுதான் என் வேலை.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 2001-02ல் அமெரிக்காவில் 43,000க்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி எடுத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். குடிப்பழக்கத்தையும் அதோடு கூடவே வரும் மனநலச் சிக்கல்களையும் அளப்பதுதான் நோக்கம். அதில் சூதாட்டம் நோயாகவே ஆகிவிட்டவர்கள் மிகக் குறைவு, வெறும் 0.42 சதவீதம். ஆனால் அந்தக் கொஞ்சப் பேரில் 73 சதவீதத்தினருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிநோயும் இருந்திருக்கிறது. 60 சதவீதத்தினர் புகையிலைக்கு அடிமை. 38 சதவீதத்தினருக்கு வேறு போதைப்பொருள் சிக்கல். பாதிப் பேருக்கு மனச்சோர்வு போன்ற ஏதாவது ஒரு மனநிலைக் கோளாறு.

இதைத் தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. சூதாட்ட நோய் உள்ள நாலு பேரில் மூன்று பேருக்குக் குடிநோய் இருந்தது என்றால், குடிக்கிற நாலு பேரில் மூன்று பேர் சூதாடிகள் என்று ஆகாது. வீடுகளில் இந்தக் குழப்பம் நிறைய வருகிறது. ஒருவர் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டதாலேயே அவர் சூதாடுவார் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஆனால் கேட்டுப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

இன்னொரு ஆய்வு உங்கள் தம்பியின் நிலைக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஒரு தடவைக்கு மேல் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டு, நீதிமன்றம் வழியாக இரண்டு வாரம் உள்நோயாளியாகச் சிகிச்சைக்கு வந்த 729 பேரை முழுமையாகப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2007ல் வந்தன. மது, போதைப்பொருள், புகையிலை, சூதாட்டம் என்ற நான்கில் ஏதாவது ஒன்றுக்காவது அடிமையாக இருந்து, அதற்கு மேல் ஒரு மனநலச் சிக்கலும் வாழ்நாளில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர். குடித்துவிட்டு ஓட்டுவதை 'கொஞ்சம் ஓவராகப் போய்விட்ட ராத்திரி' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டாம் தடவை பிடிபட்டவர்களிடம் அப்படிச் சொல்லி முடிக்க முடியாது என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது. அதே குழுவினர் பிற்பாடு இப்படிப் பிடிபட்டவர்களுக்கென்று ஒரு கணினிக் கேள்வித்தொகுப்பு தயாரித்தபோது, சூதாட்டத்துக்கும் அதில் தனியாக ஒரு பகுதி வைத்தார்கள்.

சரி, சம்பந்தம் எங்கே இருக்கிறது? பலரும் நினைப்பது இப்படி: சூதாட்டத்தில் தோற்றான், கவலையில் குடித்தான், குடித்துவிட்டு ஓட்டினான். ஒரு கதையாக நன்றாக இருக்கிறது. நான் கேட்கிற கதைகள் இவ்வளவு நேர்க்கோட்டில் போவதில்லை.

ஒருவர் சொன்னதை அடையாளம் தெரியாதபடி மாற்றித் தருகிறேன். வேலை முடிந்து ஓர் ஆட்டக்கூடத்துக்குப் போகிறார். ஒரு மணி நேரம்தான் என்று வீட்டில் சொன்ன நேரம். உள்ளே கையில் கிளாஸ் இருந்துகொண்டே இருக்கிறது. நடு இரவு தாண்டி ஒரு மணிக்கு வெளியே வருகிறார். காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல் பத்து நிமிடம் அப்படியே இருக்கிறார். குடித்திருக்கிறோம் என்று தெரிகிறது. டாக்ஸி கூப்பிடலாம் என்றும் தோன்றுகிறது. பர்ஸைப் பார்க்கிறார், ஒன்றுமில்லை. கார்டில் இருந்ததையும் உள்ளேயே எடுத்தாயிற்று. நண்பரைக் கூப்பிட்டால், "அந்த இடத்தில் இந்நேரம் என்ன பண்ணுகிறாய்?" என்று கேட்பார். மனைவியைக் கூப்பிடுவது நடக்காத காரியம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்துபோனால், காலையில் வண்டி எங்கே என்ற கேள்வி வரும். கடைசியில் சாவியைத் திருப்பினார்.

அவரிடம் நான் கேட்டது, "நீங்கள் வெறும் பாரில் குடித்திருந்தால் அன்றைக்கு ஓட்டியிருப்பீர்களா?" என்று. யோசித்துவிட்டுச் சொன்னார்: "இல்லை சார். பாரில் இருந்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாமே. போன் பண்ணியிருப்பேன்."

எனக்கு இந்தத் தொடர்பு சரியாகப் புரிந்தது அந்தப் பதிலில்தான். குடித்த மனிதனை வண்டி ஓட்டவிடாமல் தடுப்பவை மூன்று: கையில் காசு, கூப்பிட ஓர் ஆள், வண்டியை விட்டுவிட்டு வரக் கூடிய நிலை. சூதாட்டம் இந்த மூன்றையும் பிடுங்கிவிடுகிறது. காசு மேஜையில் போய்விடுகிறது. ரகசியம் இருப்பதால் ஆளைக் கூப்பிட முடியாது, அதே ரகசியத்தால் வண்டியையும் விட முடியாது. மூளை, மரபணு எல்லாம் பிறகு. முதலில் இந்தப் பார்க்கிங் இடத்தைப் பார்க்க வேண்டும்.

இது எதிர்ப்பக்கமும் ஓடும். பிடிபட்ட பிறகு அபராதம், வக்கீல் செலவு, ஏறிப்போன வண்டி இன்சூரன்ஸ், சில சமயம் வேலையும் போய்விடுகிறது. 'ஒரு நல்ல ஆட்டம் விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது. லைசென்ஸ் இல்லாததால் வெளியே போக வழியில்லை. வீட்டில் போனோடு உட்கார்ந்திருக்கிறார். போனில் அந்த ஆப் இருக்கிறது. உங்கள் தம்பியின் வங்கிக் கணக்கில் முதல் தடவை பிடிபட்ட தேதிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது சுற்றின் கதை பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.

இப்போது குடி மூளையில் என்ன செய்கிறது என்பதற்கு வரலாம். 1999ல் ஆஸ்திரேலியாவில் 40 ஆண்களை வைத்து ஒரு சின்னச் சோதனை. பாதிப் பேருக்கு மூன்று கிளாஸ் அளவு மது, மீதிப் பேருக்கு மது இருப்பதுபோல் தோன்றும் வெறும் பானம். பிறகு பணம் வைத்து ஆட ஒரு சூதாட்டம் கொடுத்தார்கள். மது குடித்தவர்கள் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு ஆட்டங்கள் ஆடினார்கள். அவர்களில் பாதிப் பேர் கொடுத்த பணம் முழுவதையும் விட்டார்கள். குடிக்காதவர்களில் அப்படி விட்டது 15 சதவீதம்தான். கவனியுங்கள், இது நிலைகுலைந்து விழும் அளவுக் குடி இல்லை. 'நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்' என்று சொல்கிற அளவு.

அதே அளவு சாலையில் என்ன ஆகும்? 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருந்தால் விபத்தில் சிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 80 மில்லிகிராமில் ஏறத்தாழ நாலு மடங்கு. இந்த இரண்டு அளவுகளுக்கு நடுவில்தான் மனிதன் தன்னைப் பற்றி மிக உயர்வாக நினைத்துக்கொள்கிறான் என்பது என் அனுபவம். கை கால் லேசாகத் தடுமாறுவதற்கு முன்பே, 'இதை நிறுத்து' என்று சொல்கிற இடம் தூங்கிவிடுகிறது. உளவியலில் இதை மதுவின் கிட்டப்பார்வை என்று சொல்லலாம். கிட்டே இருப்பது பளிச்சென்று தெரியும், எட்டத்தில் இருப்பது மங்கும். ஆட்டத்தில் கிட்டே இருப்பது அடுத்த கை, எட்டத்தில் இருப்பது மாதக் கடைசி. பார்க்கிங்கில் கிட்டே இருப்பது வீட்டுக் கட்டில், எட்டத்தில் இருப்பது வழியில் சாலையைக் கடக்கிற யாரோ ஒருவர்.

குடியே இல்லாத நேரத்திலும் இவர்களில் சிலருடைய கணக்குப் போடும் முறை ஒரே மாதிரி கோணலாக இருக்கிறது. இதைக் காட்ட ஒரு சீட்டுக்கட்டுச் சோதனை உண்டு. 1994ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அன்டோனியோ டமாசியோவின் குழுவினர், அன்டோயின் பெச்சாராவின் முதன்மையில் வெளியிட்டது. நான் இதை விளக்காமல் எந்தக் குடும்பத்தையும் அனுப்புவதில்லை, அதனால் இங்கேயும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

உங்கள் முன்னால் நாலு கட்டுகள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுக்க வேண்டும், மொத்தம் நூறு தடவை. முதல் இரண்டு கட்டுகளில் எடுத்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 கிடைக்கும். மற்ற இரண்டில் 50தான். ஆனால் இடையிடையே தண்டம் வரும். முதல் கட்டில் பத்துச் சீட்டுக்கு ஐந்து தடவை, மொத்தம் 1,250 போகும். இரண்டாவது கட்டில் பத்தில் ஒரே ஒரு சீட்டில் 1,250 மொத்தமாகப் போகும். அதாவது இந்த இரண்டிலும் பத்துச் சீட்டு எடுத்தால் 1,000 வரும், 1,250 போகும், கையில் 250 நட்டம். 50 தருகிற கட்டுகளில் பத்துச் சீட்டுக்கு 500 வந்து 250தான் போகும், 250 லாபம். இதெல்லாம் ஆடுபவருக்குச் சொல்லப்படாது. ஆடி ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கொஞ்சம் சூடுபட்டதும் 50 கட்டுகளுக்கு மெல்ல நகர்ந்துவிடுவார்கள். நெற்றிக்குப் பின்னால், கண்களுக்கு மேலே உள்ள மூளைப்பகுதியில் பாதிப்பு உள்ளவர்கள் நகரவில்லை. அதைக் காட்டத்தான் சோதனையே வந்தது. பிறகு சூதாட்ட நோய் உள்ளவர்களை வைத்துச் செய்தபோது, அவர்களும் நட்டக் கட்டுகளை விட்டு நகரத் தாமதிப்பது தெரிந்தது. குடித்துவிட்டு ஓட்டியது உட்படச் சாலைக் குற்றங்களில் பிடிபட்டவர்களை வைத்தும் இதே சோதனையைச் செய்திருக்கிறார்கள். அங்கேயும், எல்லா ஆய்விலும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும், பெரிய வரவைப் பார்த்தவுடன் பின்னால் வரும் தண்டத்தைக் குறைத்து எடைபோடும் சாய்வு தெரிந்தது.

இப்போது இரண்டாவது கட்டை மட்டும் திரும்ப நினைத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது சீட்டில் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சீட்டும் "பார்த்தாயா, இந்தக் கட்டு நல்ல கட்டு" என்றுதான் சொல்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவது அச்சு அசலாக இந்தக் கட்டு. நேற்றும் ஓட்டினேன், போன வாரமும் ஓட்டினேன், ஒரு கீறல் இல்லை. அதனால்தான் முதல் தடவை பிடிபட்டேன் என்று சொல்பவரிடம் நான் 'முதல் தடவை ஓட்டினேன்' என்று புரிந்துகொள்வதில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ நல்ல சீட்டுகள் எடுத்திருப்பார். பத்திரமாக வீடு வந்து சேர்ந்த ஒவ்வொரு இரவும் அவருக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்திருக்கிறது, தப்பான பாடம்.

சூதாட்டத்தில் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி ஒன்று உண்டு, மயிரிழையில் தவறுவது. ஸ்லாட் மெஷினில் மூன்றில் இரண்டு படம் ஒரே மாதிரி நின்று, மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கும். கணக்குப்படி அது முழுத் தோல்வி. ஆனால் 2009ல் இங்கிலாந்தில் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வெல்லும்போது விழிக்கிற பகுதிகளில் சில இந்த 'கொஞ்சத்தில் போச்சே'யிலும் விழித்துக்கொண்டன. ஆடுபவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் இன்னும் ஆட வேண்டும் என்று தோன்றியது. சாலையில் நூலிழையில் தப்பியவரும் பாருங்கள், 'இனி ஓட்டவே மாட்டேன்' என்று சொல்வது குறைவு. 'குடித்திருந்தும் எப்படி வண்டியைத் திருப்பினேன் பார்' என்பதுதான் அதிகம். தப்பியதைத் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

மரபுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவின் முன்னாள் ராணுவ இரட்டையர்களை வைத்துச் செய்து 2000ல் வெளியான ஆய்வு, சூதாட்ட நோய்க்கான மரபு நாட்டத்தில் ஒரு பகுதி குடிநோய்க்கான நாட்டத்தோடு பொதுவானது என்று காட்டியது. ஒரு பகுதிதான், முழுவதும் இல்லை. 'எங்கள் அப்பாவும் குடிப்பார், அதனால் இவனுக்கு விதி' என்று யாரும் எழுதிவைத்துவிட வேண்டாம்.

அப்புறம், தூக்கம். இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் இரவெல்லாம் ஆடிவிட்டு விடியும்போது வண்டி எடுப்பவரும் மங்கிய நிலையில்தான் ஓட்டுகிறார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவருடைய கையும் கண்ணும், ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடையது மாதிரி ஆகிவிடுகிறது என்றும், ஒரு முழு நாள் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராமுக்குச் சமம் என்றும் 1997ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். தூக்கம் கெட்டால் ஆட்டமும் கெடுகிறது. 2007ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு இரவு தூங்காதவர்களின் மூளை லாபத்தை அதிகமாக எதிர்பார்த்தது, நட்டத்தைக் குறைவாக உணர்ந்தது. ஆக விடியற்காலை நாலு மணிக்கு மேஜையில் இருப்பவர், வந்தபோது இருந்தவரைவிட மோசமான ஆட்டக்காரர், மோசமான ஓட்டுநரும்கூட. காவலர் ஊதச் சொன்னால் கருவி பூஜ்யம் காட்டும். போனில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கண்ணை ஸ்கோரில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங் பிடிப்பவரையும் அந்தக் கருவி ஒன்றும் சொல்லாது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம், உங்கள் தம்பிக்குப் பொருந்தாமல் போகலாம், படிக்கிற வேறு யாருக்காவது உதவும். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் என்ற மாத்திரைகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் செய்கிற வேலையைச் செய்பவை. கால் அமைதியின்மைக்கும் இவற்றைத் தருவதுண்டு. இவற்றைச் சாப்பிட்ட எட்டுப் பேர் வண்டி ஓட்டும்போதே திடீரென்று தூங்கிப்போய் விபத்துக்குள்ளானதாக 1999ல் மருத்துவ இதழில் வந்தது. 2005ல் இதே வகை மாத்திரை சாப்பிட்ட 11 பேருக்குப் புதிதாகச் சூதாட்ட வெறி பிடித்த செய்தி வந்தது. அவர்களில் பலருக்கு மாத்திரையைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் வெறி அடங்கியது. ஓட்டும் திறனையும் ஆட்ட ஆசையையும் ஒரே மாத்திரை தொட்டுவிடுகிறது என்றால், இரண்டும் மூளையில் எவ்வளவு பக்கத்து வீடு என்று பாருங்கள். வயதான அப்பா திடீரென்று பந்தயம் கட்ட ஆரம்பித்தால், திட்டுவதற்கு முன் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. மனநல மருந்தான அரிபிப்ரசோல் பற்றியும் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016ல் இதே மாதிரி எச்சரித்தது.

எல்லாவற்றையும் மனிதனின் மூளைமேலேயே போட்டுவிடுவதும் சரியில்லை. ஆட்டம் நடக்கிற இடத்துக்கும் பொறுப்பு உண்டு. 2010ல் சாட் காட்டி, டக்ளஸ் வாக்கர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1990களின் அமெரிக்க விபத்துக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒரு மாவட்டத்தில் கேசினோ திறந்த பிறகு மது சம்பந்தப்பட்ட உயிர்ப்பலி விபத்து என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மக்கள்தொகை குறைந்த, நடுத்தர மாவட்டங்களில் கூடியது. பெருநகரங்களில் அப்படிக் கூடவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ஊருக்கு வெளியே தனியாக நிற்கிற கேசினோவுக்கு எல்லோரும் தூரத்திலிருந்து வண்டியில் வருகிறார்கள், குடித்துவிட்டு அதே தூரம் திரும்பிப் போகிறார்கள். நகரத்தில் ரயில் உண்டு, டாக்ஸி உண்டு, வீடும் பக்கம். மனிதர்கள் ஒரே மாதிரிதான், திரும்பிப் போகிற வழிதான் வேறு. ஆட்டக்கூடங்களுக்கு உரிமம் தருபவர்கள் இதைப் படித்திருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

நீதிமன்றம் அனுப்புகிற மதிப்பீட்டுக்குத் தம்பி போகும்போது, அங்கே பெரும்பாலும் குடியைப் பற்றித்தான் கேட்பார்கள். சூதாட்டத்தைக் கேட்காமல் விடுவது சகஜம். கேட்டாலும் மறைப்பது எளிது. குடிக்கு வாடை உண்டு, தள்ளாட்டம் உண்டு, ஊதினால் எண் வரும். சூதாட்டத்துக்கு வங்கிக் கணக்கைத் தவிர சாட்சி இல்லை. அந்தச் சாட்சி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. தம்பியிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் அவர் சம்மதத்தோடு, அதை ஆலோசகரிடம் கொண்டுபோங்கள்.

கேட்பதற்கு நீளமான கேள்வித்தாள் தேவையில்லை. மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உண்டு. கடந்த 12 மாதங்களில், ஆட்டத்தை நிறுத்தவோ குறைக்கவோ முயன்றபோது எரிச்சலும் படபடப்புமாக இருந்ததா? எவ்வளவு ஆடுகிறோம் என்பது வீட்டாருக்கோ நண்பர்களுக்கோ தெரியாமல் பார்த்துக்கொண்டாரா? ஆட்டத்தால் வந்த பண நெருக்கடியில் அன்றாடச் செலவுக்கே பிறர் உதவி தேவைப்பட்டதா? ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முழுப் பரிசோதனை என்பது ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்பது, ஒரு வருடத்தில் நான்கு இருந்தால் நோய். அவற்றில் ஒன்று, விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பப் போவது. இன்னொன்று, ஆட்டத்தால் வந்த பண நெருக்கடியைத் தீர்க்க மற்றவர் பணத்தை நம்பி இருப்பது. 1980ல் மனநோய்ப் பட்டியலில் முதன்முதலாகச் சேர்ந்தபோது சூதாட்டம், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு இருந்தது. 2013ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதை மது, போதைப்பொருள் இருக்கிற அத்தியாயத்துக்கே மாற்றியது. என்னைப் போன்றவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததைப் பட்டியல் கொஞ்சம் தாமதமாக ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கேட்கிற விதம் முக்கியம். "நீ சூதாடுகிறாயா?" என்றால் "இல்லை" என்றுதான் வரும். கிரிக்கெட்டுக்குப் பந்தயம் கட்டுவதைச் சூதாட்டம் என்று அவர் நினைப்பதே இல்லை. "ஆப்பில் இந்த மாதம் எவ்வளவு போட்டாய், எவ்வளவு திரும்ப வந்தது?" என்று கேளுங்கள். வந்ததைச் சரியாகச் சொல்வார், போட்டதை மறந்திருப்பார். அந்த மறதியே பாதிப் பதில்.

நின்றுவிடுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கே வருகிறேன். குடியை நிறுத்தியதும் ஆட்டமும் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிங் கதையில் சொன்னவர் மாதிரி குடியும் ஆட்டமும் ஒரே கூரைக்குக் கீழே நடப்பவர்களுக்கு அது நடக்கலாம். ஆனால் போனில் தனியாக ஆடுபவருக்கு நடப்பது சில சமயம் நேர்மாறு. குடித்துக் கழித்த மாலைப்பொழுது இப்போது காலியாக இருக்கிறது, அதை ஆப் நிரப்புகிறது. வீட்டில் எல்லோரும் "மூன்று மாதமாக ஒரு சொட்டு இல்லை" என்று சந்தோஷப்படுகிற அதே மூன்று மாதத்தில் கடன் ஏறிக்கொண்டிருக்கும். சில நாடுகளில் வண்டியில் ஒரு பூட்டு வைக்கிறார்கள். ஊதி, மது இல்லை என்று தெரிந்தால்தான் இன்ஜின் கிளம்பும். வண்டியில் இருக்கிற வரை மறுபடியும் பிடிபடுவது பாதிக்கு மேல் குறைகிறது. கழற்றியதும் அந்தப் பலன் நிலைப்பதில்லை. பூட்டு வண்டிக்குத்தான் போட்டிருந்தது.

அதனால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே இடத்தில் சிகிச்சை கேளுங்கள். பேச்சுச் சிகிச்சையில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அந்த நேரத்தில் மனம் சொல்லும் பொய்க்கணக்கைப் பிடிக்கக் கற்றுக்கொள்வது, தூண்டுகிற இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது. மருந்தைப் பொறுத்தவரை, நால்ட்ரெக்ஸோன் குடிநோய்க்கு 1994 முதல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சூதாட்டத்துக்கும் சிலருக்கு ஆசையைக் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் சூதாட்டத்துக்கென்று அங்கே அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இல்லை. மனநல மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது இது.

கடன் விஷயத்தில் வீட்டார் செய்கிற தவறு ஒன்று உண்டு, நல்ல மனதோடு செய்வதுதான். எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடுகிறார்கள். ஆடுபவருடைய மனக்கணக்கில் அது ஒரு பெரிய ஜெயிப்பு மாதிரிப் பதிவாகிறது, கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. உதவுங்கள், ஆனால் பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன்காரரிடம் நேராக, தவணையாக. சம்பளக் கணக்கை இன்னொருவரும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் தன்னைத்தானே தடைசெய்துகொள்ளும் வசதி இருந்தால், உங்கள் முன்னாலேயே அதை அவர் செய்யட்டும்.

ஒன்றைத் தள்ளிப்போடவே வேண்டாம். பிடிபட்ட அவமானமும் வெளியே வந்த கடனும் ஒரே வாரத்தில் ஒருவர் தலையில் இறங்கினால், அந்த வாரம் ஆபத்தானது. சூதாட்ட நோய் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் சாதாரணமாகக் காணப்படுவதைவிட மிக அதிகம். "செத்துப்போகலாம் போல இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. 'ஆமாம்' என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், மற்ற எல்லாம் அப்புறம்.

பார்க்கிங் கதையில் சொன்னவர் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மனைவியோடு பேசி, அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டது: எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலும் மனைவி வந்து அழைத்துப் போவார், அன்று இரவு ஒரு கேள்வி கேட்கமாட்டார், மறுநாள் மாலை ஆறு மணிக்குப் பேசிக்கொள்ளலாம். அடுத்த ஒரு வருடத்தில் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் வண்டி அங்கேயே நின்றது.